பேட்டரி செத்தால் கருவியும் சாக வேண்டுமா?

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகளை எடுத்துக் கொள்ளுங்கள். "வேலை செய்து கொண்டிருக்கும்போதே தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. வைரஸ் புகுந்துவிட்டதா?" "ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஏதோ பழைய தேதியைக் காட்டுகிறது. விண்டோஸை மறுபடியும் போட வேண்டுமா?" "லேப்டாப்பில் பேட்டரி போய்விட்டது. வேறு லேப்டாப் வாங்கிவிடலாமா?"

கேட்பவர்கள் ஒன்று சாப்ட்வேரைச் சந்தேகிக்கிறார்கள், அல்லது கருவியையே கைகழுவத் தயாராகிறார்கள். மின்சாரம் எந்த வழியாக வருகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே தடைபடுகிறது என்று முதலில் பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் பழுது பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மின்சாரப் பழுதைப் பொறுமையாக ஆராய்வது எப்படி என்பதை யாரிடம் கற்கலாம்? திருப்புளியோடு அருகில் போகவே முடியாத ஒரு பெட்டியை, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டு சரி பார்க்கிறவர்களிடம் கற்கலாம். அமெச்சூர் ரேடியோ ஆர்வலர்கள், அதாவது ஹாம்கள், தங்கள் சாட்டிலைட்டுகளை அப்படித்தான் கவனித்துக் கொள்கிறார்கள்.

ஹாம்களின் சாட்டிலைட்டுகள்

ஹாம் ரேடியோ ஒரு பொழுதுபோக்கு. தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் சொந்த ரேடியோ மூலம் உலகெங்கும் உள்ள மற்ற ஹாம்களோடு பேசுவார்கள். இவர்கள் உருவாக்கிய முதல் சாட்டிலைட் ஆஸ்கார்-1. 1961 டிசம்பர் 12 அன்று அமெரிக்காவில் இருந்து ஏவப்பட்டது. எடை சுமார் நாலரை கிலோ. அதில் சோலார் பேனல் கிடையாது, வெறும் பேட்டரிதான். மோர்ஸ் சங்கேதத்தில் "ஹாய்" என்று சொல்லிக்கொண்டே சுமார் மூன்று வாரம் சுற்றியது. அந்த "ஹாய்" எவ்வளவு வேகமாக வருகிறது என்பதைக் கணக்கிட்டால் சாட்டிலைட்டின் உள்ளே எவ்வளவு சூடு என்று தெரிந்துவிடும். கருவி தன் உடல்நிலையைத் தானே சொல்லும் இந்த ஏற்பாட்டுக்கு டெலிமெட்ரி என்று பெயர். பிறகு இதைப் பற்றி விரிவாகப் பார்ப்போம்.

அடுத்து வந்த சாட்டிலைட்டுகளில் சோலார் பேனலும், திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் பேட்டரியும் சேர்ந்தன. பேட்டரி எதற்கு? தாழ்வான சுற்றுப்பாதையில் உள்ள ஒரு சாட்டிலைட் பூமியைச் சுற்ற ஏறக்குறைய 97 நிமிடம் ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு நேரம் அது பூமியின் நிழலில் போய்விடும். வெயிலில் சார்ஜ், நிழலில் செலவு. ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 15 முறை இப்படி நடக்கும். வருடத்துக்கு ஐயாயிரம் முறைக்கும் மேல். நம் லேப்டாப்பைத் தினமும் ஒரு முறை முழுதாகத் தீர்த்து மறுபடி ஏற்றினால்கூட வருடத்துக்கு 365 முறைதான்.

எனவேதான் சாட்டிலைட் அமைப்பாளர்கள் பேட்டரியை முழுதும் வடிய விடமாட்டார்கள். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மட்டுமே எடுப்பார்கள். அப்படியும் பல ஹாம் சாட்டிலைட்டுகளில் முதலில் சாவது பேட்டரிதான். ரேடியோ நன்றாக இருக்கும், சோலார் பேனல் நன்றாக இருக்கும், பேட்டரி போய்விடும்.

21 வருடம் தூங்கியது

இந்த வரலாற்றில் மிகவும் சுவையான கதை ஆம்சாட்-ஆஸ்கார் 7 உடையது. ஏஓ-7 என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1974 நவம்பர் 15 அன்று ஏவப்பட்டது. எடை 29 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சுமார் 1,450 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. உள்ளே நிக்கல்-காட்மியம் பேட்டரி. ஆறரை வருடம் நன்றாக உழைத்தது. 1981ன் நடுவில் பேட்டரியின் செல்கள் ஷார்ட் ஆகின. சாட்டிலைட் ஊமையானது. எல்லோரும் கணக்கை முடித்துவிட்டார்கள்.

2002 ஜூன் 21 அன்று பிரிட்டனைச் சேர்ந்த ஹாம் பாட் கோவன் தன் ரேடியோவில் பழைய பாணி மோர்ஸ் ஒலியைக் கேட்டார். இப்படிப் பேசும் சாட்டிலைட் எது என்று ஆராய்ந்தபோது அது ஏஓ-7 என்று தெரிய வந்தது. 21 வருடம் கழித்து, யாரும் தொடாமல், தானாக எழுந்திருந்தது!

இது எப்படிச் சாத்தியம்? ஏஓ-7ஐ உருவாக்கிய திட்டத்தின் தலைவராக இருந்த ஜான் கிங் போன்ற பொறியாளர்கள் தந்த விளக்கம் எளிமையானது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை வைத்துப் புரிந்து கொள்ளலாம்.

மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. ஒரே குழாயில் இருந்து ஒரு கிளை மாடித் தொட்டிக்கும் இன்னொரு கிளை சமையலறைக்கும் போகிறது. தொட்டியின் அடியில் பெரிய ஓட்டை விழுந்துவிட்டால் என்ன ஆகும்? மோட்டார் எவ்வளவு ஓடினாலும் எல்லாத் தண்ணீரும் தொட்டி வழியாக வெளியே போகும். சமையலறைக் குழாயில் சொட்டுகூட வராது. பேட்டரி ஷார்ட் ஆவது என்பது இதுதான். சோலார் பேனல் தரும் மின்சாரம் முழுவதையும் செத்த பேட்டரி விழுங்கிவிடும். ரேடியோவுக்குத் தேவையான வோல்டேஜ் ஏறவே ஏறாது.

இப்போது தொட்டிக்குப் போகும் கிளை துருப்பிடித்து முழுதாக அடைத்துக் கொள்கிறது என்று வையுங்கள். ஓட்டைத் தொட்டிக்குத் தண்ணீர் போக வழியில்லை. மோட்டார் ஓடும்வரை சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டும். மோட்டாரை நிறுத்தினால் குழாயும் நின்றுவிடும். ஏஓ-7ல் நடந்தது இதுவே. ஷார்ட் ஆகியிருந்த பேட்டரி பல வருடம் கழித்து உள்ளே அறுந்து, ஓப்பன் சர்க்யூட் ஆகிவிட்டது. சோலார் பேனலின் மின்சாரம் நேராக ரேடியோவுக்குப் போனது.

அன்றிலிருந்து வெயில் பட்டால் விழிக்கும், நிழலுக்குப் போனால் தூங்கும். தொடர்ந்து வெயிலில் இருக்கும் மாதங்களில் உள்ளே இருக்கும் டைமர் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அலைவரிசை முறையை மாற்றும். 2024 நவம்பரில் 50 வயது நிறைந்தபோதும் அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை

ஏஓ-7 பிழைத்தது திறமையால் அல்ல, தற்செயலால். பிழைக்காதவற்றையும் பார்க்க வேண்டும்.

2000 நவம்பர் 16 அன்று ஏவப்பட்ட ஏஓ-40, ஹாம்கள் அனுப்பியவற்றிலேயே மிகப் பெரியது. 600 கிலோவுக்கும் மேல். அடுத்த மாதமே உந்துவிசைப் பகுதியில் விபத்து ஏற்பட்டு, பெரும்பாடு பட்டு அதை மீட்டார்கள். 2004 ஜனவரியில் பேட்டரி வோல்டேஜ் சரிந்து அது மௌனமானது. தரையில் இருந்து கட்டளைகளை அனுப்பிப் பார்த்தார்கள். பதில் இல்லை. ஏஓ-7 போல ஒருநாள் பேட்டரி அறுந்து தானாக எழும் என்று நம்பிக் காத்திருந்தார்கள். எழவில்லை.

நம் நாட்டு ஹாம்சாட்டும் இப்படித்தான் போனது. 42.5 கிலோ எடையுள்ள அந்தச் சாட்டிலைட்டை இஸ்ரோ 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ராக்கெட்டில், கார்ட்டோசாட்-1 உடன் அனுப்பியது. ஹாம்கள் இதை விஓ-52 என்று அழைத்தார்கள். இதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றொன்று நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு ஹாம் செய்தது. ஒன்பது வருடத்துக்கும் மேலாக உழைத்தபின், 2014 ஜூலையில் லித்தியம்-அயான் பேட்டரி செயலிழந்ததால் பணி முடிந்தது. ரேடியோவால் அல்ல, பேட்டரியால்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஏரிஸ்சாட்-1. 2011 ஆகஸ்ட் 3 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்து வீரர்கள் கையால் தள்ளிவிட்டது இது. பேட்டரி நீண்ட நாள் வராது என்பது முன்பே தெரியும். பேட்டரி போனதும் என்ன நடந்தது? ஒவ்வொரு முறை நிழலுக்குப் போகும்போதும் அணைந்தது, வெயிலுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் பூட் ஆவதுபோல முதலில் இருந்து தொடங்கியது. உள்ளே இருந்த கடிகாரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்குப் போனது. ஆனால் பேச்சு நிற்கவில்லை. 2012 ஜனவரியில் வளிமண்டலத்தில் விழுந்து எரியும் காலம் வரை பயன்பட்டது.

கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனது என்றதும் உங்களுக்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். முதல் பத்தியில் பழைய தேதியைக் காட்டிய கம்ப்யூட்டர்! மதர்போர்டில் நாணயம் போல ஒரு 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. சி.ஆர். 2032 என்று எழுதியிருக்கும். அது தீர்ந்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். தேதி தப்பானால் பிரவுசர் பாதுகாப்பான தளங்களைக்கூடத் திறக்க மறுத்து எச்சரிக்கை காட்டும். பார்ப்பவர் வைரஸ் என்று பயந்துவிடுவார். தீர்வு, அந்தச் சிறிய பேட்டரியை மாற்றுவதுதான். கவனியுங்கள், இந்த பேட்டரி செத்தாலும் கம்ப்யூட்டர் ஓடுகிறது. நல்ல அமைப்பு என்றால் இதுதான்.

ஊகிக்காதீர்கள், எண்ணைப் பாருங்கள்

டெலிமெட்ரிக்கு வருவோம். ஏஓ-7 தன் நிலையை மோர்ஸில் மூன்றிலக்க எண்களாகச் சொல்லும்படி அமைக்கப்பட்டிருந்தது. முதல் இலக்கம் எந்த வரிசை என்பதைச் சொல்லும். மற்ற இரண்டும் அளவு. மொத்தம் 24 அளவுகள். சோலார் பேனல் கரண்ட், பேட்டரி வோல்டேஜ், வெப்பநிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம் உண்டு. பேப்பரும் பென்சிலும் இருந்தால் போதும், யாரும் கணக்கிடலாம்.

2013 நவம்பர் 21 அன்று ஏவப்பட்ட ஃபன்கியூப்-1 இந்த வேலையை நம் கம்ப்யூட்டரிடமே கொடுத்தது. பத்து சென்டிமீட்டர் கனசதுரப் பெட்டி அது. பள்ளி மாணவர்களுக்காக உருவானது. யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய ரிசீவரும் இலவச சாப்ட்வேரும் இருந்தால், வோல்டேஜும் கரண்ட்டும் வெப்பமும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். வெயிலில் 300 மில்லிவாட் சக்தியில் டெலிமெட்ரி அனுப்பும். நிழலில் அதை 30 மில்லிவாட்டாகக் குறைத்துக்கொண்டு, ஹாம்கள் பேசுவதற்கான டிரான்ஸ்பாண்டரைத் திறந்துவிடும். எப்போது எதற்குச் செலவிடுவது என்று தானே முடிவு செய்யும் சிக்கனக் குடும்பத் தலைவி போல.

சாட்டிலைட்டில் கோளாறு என்றால் முதல் கேள்வி "சாப்ட்வேரை மாற்றலாமா?" என்பதல்ல. வெயிலில் வோல்டேஜ் எவ்வளவு, நிழலில் எவ்வளவு, போன மாதம் எவ்வளவு? வெயிலிலும் குறைந்தால் பேனல் அல்லது சுமையைச் சந்தேகிக்கலாம். வெயிலில் சரியாக இருந்து நிழலில் மட்டும் சரிந்தால் பேட்டரி. இதே கேள்வியை உங்கள் கருவியிடமும் கேட்கலாம். அடாப்டரில் சரியாக ஓடி, பேட்டரியில் மட்டும் அணைகிறதா? பேட்டரி. இரண்டிலும் அணைகிறதா? பழுது வேறிடம்.

விண்டோஸிலும் டெலிமெட்ரி உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி, ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், பேட்டரிரிப்போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து எண்டர் தட்டுங்கள். பேட்டரிரிப்போர்ட் என்பதை ஒரே சொல்லாக அடிக்க வேண்டும். ஓர் அறிக்கை தயாராகி, அது எந்த இடத்தில் சேமிக்கப்பட்டது என்று காட்டும். அதில் "டிசைன் கெபாசிட்டி" என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது கொள்ளும் அளவு. "ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி" என்பது இன்று கொள்ளும் அளவு. இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதி என்றால், உங்கள் பேட்டரி பாதித் தொட்டி ஆகிவிட்டது என்று பொருள்.

தானாக ரீஸ்டார்ட் ஆகும் கம்ப்யூட்டர் என்றால் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். "கெர்னல்-பவர் 41" என்ற பதிவு இருந்தால், முறையாக ஷட் டவுன் ஆகாமல் கம்ப்யூட்டர் நின்றது என்று அர்த்தம். மின்சாரம்தான் காரணம் என்று அது அடித்துச் சொல்லாது. உறைந்துபோய் நின்றாலும் இதே பதிவுதான் வரும். ஆனால் பதிவான நேரமும் வீட்டில் மோட்டார் போட்ட நேரமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதன்பிறகு எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ்., பிளக் பாயிண்ட் என்று ஒவ்வொன்றாக மாற்றிச் சோதியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

சக்தி பொதுச் சொத்து

சாட்டிலைட்டின் டிரான்ஸ்பாண்டரை ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துவார்கள். இருக்கும் சக்தி எல்லோருக்கும் பங்காகும். ஒருவர் தரையில் இருந்து அளவுக்கு அதிகமான சக்தியில் அனுப்பினால் பெரும் பங்கை அவரே எடுத்துக்கொள்வார். பேட்டரி இல்லாத ஏஓ-7ல் நிலைமை இன்னும் மோசம். வோல்டேஜ் சரிந்து, எல்லோருடைய குரலும் அலைவரிசையில் ஆட்டம் காணும். 2017 நவம்பரில் ஏவப்பட்ட ஏஓ-91ல் பேட்டரி பலவீனமானபோது, அது நிழலில் இருக்கும் நேரத்தில் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள் என்று ஆம்சாட் கேட்டுக்கொண்டது. பூட்டுப் போட்டுத் தடுக்கவில்லை, ஹாம்களின் பொறுப்புணர்வை நம்பியது.

நம் வீட்டு யு.பி.எஸ்.ஸிலும் இதே கதைதான். கம்ப்யூட்டருக்கென்று வாங்கியதில் லேசர் பிரிண்டரையும் செருகினால், கரண்ட் போன நேரத்தில் எல்லாம் சேர்ந்து விழும். யு.பி.எஸ்.ஸைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

என் கருத்து

ஒரு கருவியில் மற்ற எல்லா உறுப்புகளையும்விட பேட்டரிக்கு ஆயுள் குறைவு. தயாரிப்பவர்களுக்கு இது முதல் நாளே தெரியும். அப்படியானால் பேட்டரி சாகும் நாளுக்கும் சேர்த்தே கருவியைத் திட்டமிடுவது அவர்கள் கடமை. பேட்டரி போனாலும் நேரடி மின்சாரத்தில் ஓட வேண்டும். பேட்டரியை மாற்ற வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் சலுகையல்ல, வாங்கியவரின் உரிமை.

முன்பெல்லாம் லேப்டாப்பின் அடியில் ஒரு தாழ்ப்பாள் இருக்கும். தள்ளினால் பேட்டரி கையோடு வந்துவிடும். பேட்டரி இல்லாமலே அடாப்டரில் ஓட்டலாம். வெயிலில் மட்டும் ஓடும் ஏஓ-7 போல. இன்று பெரும்பாலானவற்றில் பேட்டரி உள்ளே மூடப்பட்டுவிட்டது. சில மாடல்களில் ஒட்டியே விடுகிறார்கள்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. மெலிதாக, எடை குறைவாக, தண்ணீர் புகாமல் செய்ய வேண்டும் என்றால் பேட்டரியை உள்ளே மூடத்தான் வேண்டும் என்கிறார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சாட்டிலைட் விஷயத்தில் எதிர்வாதம் இன்னும் வலுவானது. பணி முடிந்த சாட்டிலைட் வெடித்துக் குப்பையாகாமல் இருக்க, மிச்ச ஆற்றலை வெளியேற்றி பேட்டரியைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்று விண்வெளி வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. யாருக்கும் கட்டுப்படாமல் தானாக எழுந்து ஒலிபரப்பும் சாட்டிலைட் எல்லா இடத்திலும் வரவேற்கத்தக்கது அல்ல. எனவே ஏஓ-7 போலத் தற்செயலாகப் பிழைப்பது நமக்கு முன்மாதிரி ஆகாது. பழுதான பேட்டரியைத் தனியே கழற்றிவிடும் வழியை முன்கூட்டியே வைத்து, கட்டுப்பாடும் நம் கையில் இருப்பதுதான் முன்மாதிரி.

வீட்டுக் கருவிகளில் அது முடியாத காரியமல்ல. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த பேட்டரி சட்டத்தின்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கு விற்கும் கருவிகளின் சிறிய பேட்டரிகளை, சில விலக்குகள் தவிர, பயனாளரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும். இந்தியாவில் 2022ல் வந்த பேட்டரி கழிவு விதிகள் பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது வைத்துள்ளன. நல்ல விதிதான். ஆனால் கழற்றவே முடியாத பேட்டரியைத் திரும்பக் கொடுப்பது எப்படி? கருவியோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும்.

சட்டம் வரும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வாங்கும்போது ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு என்று கேட்கிறோம். கூடவே இந்த மூன்றையும் கேளுங்கள். பேட்டரியை மாற்ற முடியுமா? தனி பேட்டரி என்ன விலை, எத்தனை வருடம் கிடைக்கும்? பேட்டரி செத்துப்போனால் அடாப்டரில் ஓடுமா? கடைக்காரர் முதலில் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் பதில் தெரிந்து வைத்துக்கொள்வார். நூறு பேர் கேட்டால் கம்பெனிக்கும் செய்தி போகும்.

ஓர் எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருந்தால் உடனே உபயோகத்தை நிறுத்துங்கள். குத்துவதோ அழுத்துவதோ கூடாது. சர்வீஸ் சென்டரில் கொடுத்து மாற்றுங்கள். மற்றபடி, பேட்டரி போனது என்பதற்காக நல்ல கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். அதில் இன்னும் பல வருட உழைப்பு மிச்சம் இருக்கலாம்.